மூன்று முறை அலசிய பாட்டில்

1985 நவம்பர் 6, புதன்

விடியலிலிருந்தே மழை. ஃபெரிப் படகில் பாதி இருக்கை காலி. தீவுக்குப் பாலம் திறந்ததிலிருந்து கார்க்காரர்கள் யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பிறைத் துறையில் இறங்குவதற்குள் சேலைக் கரை முழுக்க ஈரம்.

கமால் இன்று கிழக்குக் கரையில் திரங்கானு கடலுக்குப் புறப்பட்டான். ஐந்து வருடமாக முதலாளி அப்புத்துரையும் நானும் ஃபிட்டர் கமாலும் மல்லுக்கட்டிய சுழல் குழாய் கடைசியில் ஓர் எண்ணெய் மேடையில் ஏறப்போகிறது. கிணற்றிலிருந்து எண்ணெயோடு வரும் தண்ணீரை அது வேகமாகச் சுழற்றும். எண்ணெய் நடுவில் திரண்டு தனியே போய்விடும், தண்ணீரைக் கடலில் விடலாம். பத்து லட்சத்தில் நாற்பது பங்குக்குக் கீழே எண்ணெய் இருந்தால் முப்பத்திரண்டு குழாய்க்குக் கையெழுத்து. ஒப்பந்தம் தட்டச்சாகித் தயாராக இருக்கிறது. பீப்பாய் இருபத்தேழு டாலர் விற்கும்போது புதுச் சாமானை வாங்கிப் பார்க்க அவர்களுக்கும் மனம் வருகிறது.

கமாலிடம் மாதிரிப் பாட்டில்களைக் கொடுத்தேன். "பிடிக்கிறதுக்கு முன்னாடி அதே தண்ணியால மூணு தடவ அலசணும், மறந்துடாதே."

"நீங்க சொன்னா சரிதான் அக்கா. நாலு தடவகூட அலசுவேன் லா."

"மூணு போதும்."

சிரித்துக்கொண்டே போனான். இரண்டு வாரத்துக்கு மதியச் சாப்பாடு தனியாகத்தான்.

நவம்பர் 19, செவ்வாய்

முதல் பாட்டில் 58. இரண்டாவது 61.

இங்கே ஆய்வகத்தில் இதே குழாய் ஒருநாளும் முப்பத்தைந்தைத் தாண்டியதில்லை. என்ன ஆயிற்று?

நவம்பர் 20, புதன்

அப்புத்துரை கத்தித் தீர்த்துவிட்டார். "கோணலா மாட்டியிருக்கான். வேற என்ன? கனகேஸ்வரி கணக்கு தப்பாது!" என்று என்னைக் கைகாட்டினார்.

"ஒழுங்காத்தான் பாஸ் மாட்டுனேன்" என்றான் கமால். ஒரு தடவைதான் சொன்னான். பிறகு என்னைப் பார்த்தான். என் அளவு சரி என்று மட்டும் சொன்னேன். சரியாகத்தானே இருந்தது?

பிப்ரவரியில் மறுபடி சோதிக்கலாம் என்று எண்ணெய்க் கம்பெனி சொல்லியிருக்கிறதாம். மூன்று மாதம்தானே. பொறுக்கலாம்.

1986 ஜனவரி 24, வெள்ளி

பீப்பாய் இருபது டாலர். அப்புத்துரை காலையில் பத்திரிகையைத் திறந்ததும் முதலில் எண்ணெய் விலைப் பக்கத்துக்குத்தான் போகிறார். முன்பெல்லாம் குதிரைப் பந்தயம் பார்ப்பார்.

ஜனவரி 31, வெள்ளி

கமாலை நிறுத்திவிட்டார்கள். யாராவது ஒருவரைக் குறைக்க வேண்டுமாம். குழாயைக் கோணலாக மாட்டியவன் என்ற பெயர் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவார்கள்?

போகும்போது என் மேசையில் ஒரு பொட்டலம் வைத்தான். அவன் மனைவி நோர்மா சமைத்த மீன் சம்பல். "வர்றேன் அக்கா." அவ்வளவுதான்.

அழுதேன். ஆய்வகத்தில் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

பிப்ரவரி 13, வியாழன்

எண்ணெய்க் கம்பெனியிலிருந்து டெலக்ஸ் வந்தது. மறுசோதனை ஒத்திவைப்பு, தேதி இல்லை. பதினாறு டாலர் விலையில் பழைய தொட்டியிலேயே தண்ணீரைத் தேக்கி எண்ணெயை வழித்தெடுத்தால் போதுமாம். விலை ஏறினால் நாங்கள் அறிவாளிகள். இறங்கினால் எங்களைப் போன்றவர்கள்தான் முதலில் வேண்டாத செலவு. எரிச்சலாக வருகிறது.

மார்ச் 2, ஞாயிறு

இன்று யாரோடும் பேசவில்லை. கடையில் கறுப்புக் காப்பிக்கு "கோப்பி ஓ" என்றதைச் சேர்க்காவிட்டால்.

மார்ச் 18, செவ்வாய்

உடனே எழுதி வைத்துவிடுகிறேன்.

செய்ய வேலை இல்லை. பொழுது போகட்டும் என்று பழைய பீப்பாய்த் தண்ணீரை எடுத்து ஆய்வகக் குழாயில் விட்டுச் சோதித்தேன். ஒரு பாட்டிலை அலசாமல் பிடித்தேன், 31. இன்னொன்றை மூன்று முறை அலசிப் பிடித்தேன், 57. நான்கு தடவை செய்து பார்த்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் இப்படியேதான்.

எண்ணெய் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு முறை அலசிக் கொட்டும்போதும் தண்ணீர் போய்விடுகிறது, எண்ணெய் உள்சுவரில் தங்கிவிடுகிறது. அதையும் கரைப்பான் விட்டுக் கழுவிச் சேர்த்து நானே அளந்திருக்கிறேன்! நான் பன்னிரண்டு வருடம் குடிதண்ணீர் சோதித்தவள். அங்கே அலசாமல் பிடித்தால் திட்டு விழும். அந்தப் பழக்கத்தை அப்படியே கமாலுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஆய்வகத்தில் பாட்டிலே கிடையாது, எண்ணெயைப் பிரித்தளக்கும் புனலிலேயே நேராகப் பிடிப்பேன். அதனால்தான் இத்தனை நாள் கண்ணில் படவில்லை.

குழாய் சரியாக வேலை செய்திருக்கிறது. கமால் சரியாக மாட்டியிருக்கிறான். நவம்பரிலும் அலசாமல் பிடித்து 31 என்று எழுதியிருந்தால், விலை விழுவதற்கு முன்பே கையெழுத்து ஆகியிருக்கும்.

நான்தான். நான்தான்.

மார்ச் 19, புதன்

அப்புத்துரையிடம் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்ப சொல்லி என்ன ஆவப்போவுது? எண்ணெய் இந்த விலைக்கு வித்தா எவன் லா தண்ணியப் பத்திக் கவலப்படுவான்? விலையாலதான் எல்லாம் போச்சு. அப்படியே இருக்கட்டும்."

"கமால்?"

"எப்படியும் ஒருத்தர் போயிருக்கணும். வெளிய சொல்லாத. உன் பேரும் கெட்டு என் பேரும் கெடும்."

வீடு திரும்பும் வழியில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் அசிங்கம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பதினொரு டாலர். விலை விழ விழ என் தப்பு சின்னதாகிக்கொண்டே போகிறது, அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். கமாலுக்குப் போன் செய்ய எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

சொல்லிவிடுவது என்று முடிவு செய்து பாயான் பாருவில் கமால் வீட்டுக்குப் போனேன். ராயாப் பெருநாளுக்கு வந்த மாதிரி இருக்கட்டும் என்று பிஸ்கட் டின் ஒன்றை வாங்கிக்கொண்டேன்.

நோர்மா கெத்துப்பாட் சோறும் ரெண்டாங் கறியும் தட்டு நிறைய வைத்தாள். கமால் இளைத்திருக்கிறான். யாரோ ஒருவருடைய வேனை ஓட்டுகிறானாம். நாலு இடத்தில் ஃபிட்டர் வேலை கேட்டிருக்கிறான். "மேடையில கோணலா மாட்டுன ஆளு நீதானேன்னு கேக்குறாங்க அக்கா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவன் எழுந்து, பெருநாள் வழக்கப்படி நெஞ்சில் கைவைத்து, "தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச தப்புக்கெல்லாம் மன்னிச்சிடுங்க அக்கா. அஞ்சு வருஷம் நீங்க பட்ட பாடு என் கையால கெட்டுப்போச்சு. நான் சரியா மாட்டலையோ என்னமோ" என்றான்.

அவனுக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது, தன் கை மேலேயே.

நான் என்ன சொன்னேன்? "அதெல்லாம் ஒண்ணுமில்ல, கமால்" என்றேன். மன்னிக்கிறவள் மாதிரி! இரண்டாவது தடவை ரெண்டாங் போட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

சொன்னால் அந்த வீட்டுக் கதவு எனக்குத் திறக்காது. இந்த ஊரில் நான் தட்டக்கூடிய வேறு கதவு இல்லை. அதனால்தான் வாய் வரவில்லை. வேறு காரணம் எதுவும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

ஜூன் 17, செவ்வாய்

எழுதிவிட்டேன். நவம்பர் மாதிரிகளைப் பிடித்த முறை தவறு, அந்த முறையைச் சொல்லிக் கொடுத்தது நான், குழாயை மாட்டியதில் ஒரு பிழையும் இல்லை என்று என் பெயர் போட்டுக் கையெழுத்து. எண்ணெய்க் கம்பெனிக்கு ஒன்று, அப்புத்துரை மேசைக்கு ஒன்று, கமாலுக்கு ஒன்று. கமாலுடையதில் மார்ச்சிலேயே எனக்குத் தெரியும் என்றும் சேர்த்தேன். அந்த வரியை மூன்று தடவை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

ஜூன் 30, திங்கள்

பதில் இல்லை. அப்புத்துரை என்னோடு பேசுவதை நிறுத்தி பன்னிரண்டு நாள்.

ஜூலை 25, வெள்ளி

பத்து டாலர். ஆய்வகத்தை மூடுகிறார்கள், எனக்கும் மாதக் கடைசியோடு சரி. கண்ணாடிச் சாமான்களைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தபோது கமால் வந்தான், இங்கேயே விட்டுப்போன ஸ்பானர் பெட்டியை எடுத்துப்போக. சட்டையில் புது வேலை அட்டை தொங்கியது.

"கப்பல் பட்டறையில எடுத்துக்கிட்டாங்க" என்றான். "உங்க கடிதத்தக் காட்டுனேன். படிச்சுட்டு வேற ஒண்ணும் கேக்கல."

"ரொம்ப சந்தோஷம், கமால். உட்காரு, கோப்பி கலக்குறேன்."

"இல்ல மிஸ். நோர்மா கீழ நிக்குது."

ஆறு வருடத்தில் என்னை ஒருநாளும் மிஸ் என்று கூப்பிட்டதில்லை. குரலில் கோபம்கூட இல்லை. கதவை மெதுவாகத்தான் சாத்தினான்.

எழுதாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அக்காதான். தெரிந்துதான் எழுதினேன்.