போர்ட்டுக்கு ஒரு பொட்டு

12 அக்டோபர் 2007

இன்றைக்கும் துளசிராமன் சார் யாரோ விருந்தாளிகளை லேபுக்குள் கூட்டிவந்து, எங்கள் ஆப்டிகல் ஸ்விட்சைத் தட்டிக் காட்டி, "லைட்டை ஆன் ஆஃப் பண்ற மெஷின்" என்றார். மேனேஜராம்! ஒரு ஃபைபரில் வரும் ஒளியைக் கரண்டாக மாற்றாமல், குட்டிக் கண்ணாடிகளால் திருப்பி இன்னொரு ஃபைபருக்கு அனுப்புகிற பெட்டி அது. எத்தனை முறை சொல்வது? பக்கத்தில் பாஸ்கர், தலையாட்டுவதற்கே சம்பளம் வாங்குகிறவன்.

29ஆம் தேதி பெங்களூர் டெஸ்ட் லேபிலிருந்து ஆள் வருகிறார். அவர்கள் ஸ்விட்சை வாங்கினால் சிஃபாவின் கான்ட்ராக்ட் வேலை பெர்மனென்ட் ஆகும். ஃபைபர் முனைகளைத் துடைப்பது அவள்தான். பழவேற்காட்டிலிருந்து பஸ், பொன்னேரியில் என்னோடு ரயில். இந்தக் கும்பலில் எனக்குப் பேசப் பிடிக்கிற ஒரே ஆள்.

15 அக்டோபர்

கரண்ட் இல்லை. மீட்டிங் மட்டும் நடந்தது.

19 அக்டோபர்

நாளை லீவு என்பதால் ஆயுத பூஜை இன்றே. "மூடி போட்டு மூஞ்சிய மறச்சிக்கினு இருந்தா மெஷினுக்கு இன்னா பூஜை? கழட்டு பாஸ்கரு" என்றார் சார். ஃபைபர் செருகும் துளைகளின் தூசி மூடிகளை எல்லாம் கழற்றி, போர்ட்டுக்கு ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். லேபுக்குள்ளேயே சாம்பிராணி வேறு!

"சார், தொறக்காதீங்க, தூள் உள்ள பூந்துரும்" என்றாள் சிஃபா.

"சாமி காரியத்துல நீ குறுக்க பேசாதம்மா."

எல்லோரும் அவள் முக்காட்டைப் பார்த்தார்கள். அவள் வெளியே போய்விட்டாள். என் வீட்டிலும்தான் மிக்சிக்குப் பொட்டு வைக்கிறோம். ஜாருக்குள்ளேயா வைக்கிறோம்? இதைக் கேட்டிருக்கலாம். பொரியை வாங்கிக்கொண்டு நின்றேன்.

22 அக்டோபர்

பாதி போர்ட்டுகளில் ஒளி சரியாக வரவில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஃபைபர் முனையில் பாறாங்கல் மாதிரி குங்குமம். பாஸ்கர் கைக்குட்டையால் துடைக்கிறேன் என்று சில முனைகளைக் கீறியும் வைத்திருக்கிறான். புது உதிரி வர ஒரு மாதம் ஆகும். பெங்களூர்க்காரருக்குக் காரணம் சொல்லியாக வேண்டும்.

"பூஜைன்னா சிரிப்பான். அந்தப் பொண்ணு கைத்தவறு பண்ணிட்ச்சின்னு சொல்லிடலாம். கான்ட்ராக்ட்தானே, அனுப்பிட்டா முடிஞ்சிது" என்றார் சார்.

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! சீ! இந்த ஆளையா தினமும் எழுந்து நின்று கும்பிடுகிறோம்?

24 அக்டோபர்

கவரைப்பேட்டை தாண்டியதும் சிஃபா சொன்னாள்: "நான் உண்மையச் சொன்னா, பூஜையக் கொற சொல்றா பாருன்னு திருப்பிடுவாங்கக்கா. நீங்க சொன்னா அது வேற." அதற்குமேல் கேட்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவள் சொல்வது சரிதான். அதுதான் வயிற்றெரிச்சல்.

29 அக்டோபர்

சொல்லிவிட்டேன்.

துளசிராமன் "கைத்தவறு" என்று ஆரம்பித்ததும் மைக்ராஸ்கோப் படத்தைத் திரையில் போட்டேன். "இது குங்குமம் சார். மூடியைக் கழற்றச் சொன்னவர் இவர். கூடாது என்று சொன்னது சிஃபா மட்டும்தான்." பெங்களூரிலிருந்து வந்த தானியேல் சிரிக்கவில்லை. உதிரி வந்ததும் சிஃபாவே துடைத்துத் தரட்டும், வாங்கிக்கொள்கிறோம் என்றார். பாஸ்கர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான், புழு!

வெளியே வந்ததும் சார், "நீயெல்லாம் ஒரு பொம்பளையா? சாமிய அசிங்கப்படுத்திட்டியே" என்றார்.

3 டிசம்பர்

பெங்களூருக்குப் பெட்டி போய்விட்டது. சிஃபா பெர்மனென்ட். என்னை ஸ்டோருக்கு மாற்றியிருக்கிறார்கள். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு நாற்காலி. என் இடத்தில் பாஸ்கர், அவனுக்குக் கீழே சிஃபா.

கேன்டீனில் யாரும் என் மேசைக்கு வருவதில்லை. வராவிட்டால் போகட்டும், அந்த மூஞ்சிகளைப் பார்க்காமல் சாப்பிடலாம். இன்று காலை பொன்னேரியில் சிஃபா என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வேறு பெட்டியில் ஏறினாள்.

அவளையும் மற்றவர்களோடு சேர்த்துத் திட்டலாம் என்று பேனாவை எடுத்தேன். வரவில்லை.