சனிக்கிழமைத் திராட்சை

ஏப்ரல் 9, புதன்

விடைத்தாள் திருத்தும் முகாம் முடிந்து மூன்று மணிக்கு வீடு வந்தேன். ஆறு மாதமாகியும், பூட்டில் சாவியை நுழைக்கும்போதுதான் உள்ளே கஸ்தூரி இல்லை என்பது ஒவ்வொரு நாளும் புதிதாகத் தெரிகிறது.

கோயம்புத்தூரிலிருந்து வேல்விழி பேசினாள். பதினெட்டு நாள் கழித்து. நான் ஒன்றும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை, போனிலேயே இருக்கிறது. ஏழாம் மாதம் பிறந்தும் வாந்தி நிற்கவில்லை. எதைத் தின்றாலும் வெளியே வந்துவிடுகிறதாம்.

"அம்மா போட்ட திராட்சை ஐஸ் ஃப்ரீசர்ல இருக்காப்பா?"

"இருக்கு."

"எத்தனை டப்பா?"

"நாலஞ்சு இருக்கும்."

பொய். ஒன்றுதான் இருக்கிறது.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே என்று கேட்டேன். "தாய் எங்கப்பா இருக்கா?" என்றாள். மாமியார் அங்கேயே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்கிறாராம். பிறகு அவளே சொன்னாள்: "மே பதினேழு வந்து ரெண்டு நாள் இருந்து பாக்குறேன். அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்."

இருந்து பார்க்கிறாளாம். லாட்ஜில் ரூம் பார்க்கிற மாதிரி. நான் பெற்ற பெண்.

ஏப்ரல் 10, வியாழன்

அந்த டப்பாவை எடுத்துப் பார்த்தேன். மூடியில் பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் 28/9 என்று கஸ்தூரி எழுதியிருக்கிறாள். 28 ஒரு சனிக்கிழமை. அடுத்த புதன்கிழமை மூளையில் ரத்தக்கசிவு. அவ்வளவுதான்.

இதைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டால் ஃப்ரீசரில் என்ன இருக்கும்?

வேறு போட்டு வைக்க வேண்டும். இருபத்தாறு வருடம் வேதியியல் நடத்தியவனுக்குத் திராட்சைச் சாற்றை உறைய வைக்கத் தெரியாதா?

ஏப்ரல் 12, சனி

மார்க்கெட்டில் பன்னீர் திராட்சை இரண்டு கிலோ. மிக்ஸியில் அடித்து உறைய வைத்தேன். மாடியில் குடியிருக்கும் பிரின்சியைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். குமுளிக்காரி, கிளினிக்கில் நர்ஸ். கஸ்தூரிக்குத் தங்கச்சி மாதிரி.

"சாரே, இது கசாயமாணு."

விதையோடு அரைத்துவிட்டேன். விதையின் துவர்ப்பு முழுவதும் இறங்கிவிட்டது. பத்தாம் வகுப்புப் பையனுக்குக்கூடத் தெரியும்.

மதியம் படுத்திருந்தபோது வீடு முழுக்கப் பழுத்த பன்னீர் வாசம். மார்க்கெட் பழத்தில் இந்த வாசம் இல்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். சமையலறை ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

ஏப்ரல் 15, செவ்வாய்

என்னோடு வேலை பார்க்கும் காமராஜுக்குத் தலைமையாசிரியர் பதவி. என்னைவிட மூன்று வருடம் இளையவன். வாழ்த்துச் சொல்லவில்லை.

ஏப்ரல் 19, சனி

விதை எடுத்து, வடிகட்டி, சர்க்கரையைக் குறைத்துப் போட்டேன், மசக்கைக்காரிக்குத் திகட்டக் கூடாது என்று. செங்கல்லாக உறைந்துவிட்டது. சர்க்கரை குறைந்தால் இறுகும். உறைநிலைத் தாழ்வு என்று நானே கரும்பலகையில் கணக்குப் போட்டிருக்கிறேன்.

பிரின்சி சிரித்தாள். "சுத்தியல் கொண்டு வரட்டா சாரே? அக்கா சும்மா வைக்க மாட்டாங்க. அரைமணிக்கு ஒருக்கா வெளியே எடுத்து முள்கரண்டியால கீறும். மதியம் முச்சூடும் அதே வேலை."

அந்தச் சத்தம்! சனிக்கிழமை மதியத் தூக்கத்தில் கரக், கரக் என்று. "என்னடி எலி மாதிரி சுரண்டல்?" என்று படுக்கையிலிருந்தே கத்தியிருக்கிறேன். எத்தனை தடவை? கத்தினால் கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு மெதுவாக, எனக்குக் கேட்காது என்று நினைத்து, மறுபடியும் தொடங்கும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஒன்று ஞாபகம் வந்தது. அவள் கையால்தான் பிதுக்கி விதை எடுப்பாள். எவ்வளவு எடுத்தாலும் ஒரு விதை தப்பிவிடும். யார் கிண்ணத்தில் அது வருகிறதோ அவர் எல்லாக் கிண்ணத்தையும் கழுவ வேண்டும் என்று வேல்விழி சின்னப் பிள்ளையில் ஒரு சட்டம் போட்டாள். எப்போதும் எனக்குத்தான் வரும். அம்மாவும் மகளும் கைதட்டுவார்கள். "வாத்தியாருக்கே! வாத்தியாருக்கே!"

நான் விதையைத் துப்பிவிட்டு எழுந்து போய்விடுவேன். ஒரு தடவைகூடக் கழுவியதில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

கீறிக் கீறிப் போட்டேன். பூப்போல வந்தது. பிரின்சி ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்து யோசித்தாள். "ஐஸ் சரி. பழம் வேற. அக்கா சனிக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வரும்போ கட்டைப்பையில கொண்டு வரும், கருகருன்னு."

உண்மைதான். ஒவ்வொரு சனியும் குச்சனூர் சனீஸ்வரரைக் கும்பிடப் போவாள். வரும்போது திராட்சை. "கோயில் வாசல்ல வித்தாக, வாங்கியாந்தேன்" என்பாள். எனக்கு ஏழரை என்று சொல்லி எள் விளக்குப் போட ஆரம்பித்தவள், ஏழரை முடிந்தும் விடவில்லை.

மார்க்கெட் பழம் கேரளா லாரிக்காக அரைப்பழத்திலேயே பறித்தது. கோயில் வாசல் வியாபாரி நன்றாகப் பழுக்கவிட்டுக் கொண்டுவருகிறான் போல. சனிக்கிழமை போக வேண்டும்.

ஏப்ரல் 26, சனி

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் எழுதுகிறேன்.

ஒரு மணிக்குக் குச்சனூரில் இறங்கினேன். கோயில் வாசல் முழுக்க எள் விளக்குக் கடைகள்தான். திராட்சை விற்பவன் ஒருவன்கூட இல்லை. விளக்குக் கடை மாரீஸ்வரி என்பவளிடம் கஸ்தூரி போட்டோவைக் காட்டிக் கேட்டேன்.

"கஸ்தூரியக்காவா! அவுக எங்க வெலைக்கு வாங்குனாக? அவுக ஓரகத்தி கொண்டாந்து குடுப்பாக. சுருளிப்பட்டி பவுனக்கா. அந்தா, அந்த மரத்தடியில ரெண்டு பேரும் உக்காந்து ஒரே சிரிப்பாணிதான். கஸ்தூரியக்கா போன பெறகும் பவுனக்கா வாரம் தப்பாம பழத்தோட வர்றாக. செத்த நேரம் உக்காந்திருந்துட்டு எங்களுக்குக் குடுத்துட்டுப் போயிருவாக. இப்பத்தான் பஸ் ஏறுனாக."

பவுனு. என் அண்ணன் வீரணன் பெண்டாட்டி.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பா காடு பிரித்தபோது, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் அவன் சொன்னான்: "படிச்சவனுக்கு எதுக்குடா பந்தல்? நீ போயி பாடம் நடத்து." எல்லாரும் சிரித்தார்கள். திராட்சைப் பந்தலும் கிணறும் அவனுக்கு, கரட்டுக்காடு எனக்கு. அன்றைக்குச் சொன்னேன், அந்தப் பந்தல் பழம் ஒன்று என் வாசற்படி ஏறக் கூடாது என்று. கஸ்தூரி செத்த அன்றைக்கு மாலையோடு வந்தவனைத் தெருமுனையிலேயே நிறுத்தினேன். அந்த மாலையோடு ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போனான். வேல்விழி அதைத்தான் இன்னும் மன்னிக்கவில்லை.

பன்னிரண்டு வருடம் அவன் பழத்தைத்தான் தின்றிருக்கிறேன். ருசி பார்த்து, இன்னொரு கிண்ணம் கேட்டுக் கேட்டு. ஏன்டி, என்னைய எதுக்குடி இப்படிக் கேவலப்படுத்துன?

வந்ததும் ஃப்ரீசரைத் திறந்து 28/9 டப்பாவை எடுத்துத் தொட்டியில் வைத்துக் குழாயைத் திறந்துவிட்டேன். வாசலில் போய் நின்றேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. நான் மூடவில்லை.

டேங்க் காலியாகியிருக்கும். அப்படித்தான் இருக்கும்.

ஓடினேன். தொட்டி முழுக்கக் கருஞ்சிவப்பு. டப்பாவில் பாதிதான் மிச்சம், அதுவும் தண்ணீர் கலந்து. அப்படியே மூடித் திரும்ப உள்ளே வைத்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கல்லாகிவிட்டது. பிளாஸ்திரி நனைந்து 28 போய்விட்டது. 9 மட்டும் இருக்கிறது.

அவள் கை கடைசியாகக் கீறியது. நான்தான் கெடுத்தேன். அண்ணன் இல்லை, காமராஜ் இல்லை. நான்.

மே 1, வியாழன்

வேல்விழி: "டிக்கெட் போட்டாச்சுப்பா. ஐஸ் இருக்குல்ல?"

"இருக்குத்தா."

மே 3, சனி

பத்தரைக்கே குச்சனூர் போய்விட்டேன். மரத்தடியில் பவுனு மதினி கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லை, அழவும் இல்லை.

"வாங்க கொழுந்தனாரே. பஸ்ஸு லேட்டா?"

வாராவாரம் வருகிறவனிடம் கேட்பது போல.

நான் கேட்டது ஒன்றுதான். "அவனுக்குத் தெரியுமா?"

"அவுகதான பறிச்சுக் குடுப்பாக. கெணத்தடிக் கொடியில, நல்லாக் கருத்த கொலையாப் பாத்து. 'வாத்தியாருக்குப் புளிச்சா மூஞ்சியக் காட்டுவான், பாத்துக் குடு'ம்பாக."

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வருடமும் ஒரு பயலுக்கும் நான் பொருட்டாகவே இல்லை. இல்லை, வேறு மாதிரிப் பொருட்டாக இருந்திருக்கிறேன். எது மோசம் என்று தெரியவில்லை.

"வேல்விழி பதினேழாம் தேதி வர்றா" என்றேன்.

"தெரியும். நேத்துப் போன்ல சொல்லுச்சு."

எனக்குப் பதினெட்டு நாளைக்கு ஒரு தடவை. இவளுக்கு நேற்று.

"அதுக்குப் பயமா இருக்காம் கொழுந்தனாரே. ராத்திரி வலி கண்டா அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுங்குது. நான் வந்து மூணு மாசம் இருக்கேன்னு சொல்லியிருக்கேன். நீக வாசல்ல நிப்பாட்டுனா திரும்பிப் போயிருவேன், அவ்வளவுதான்."

பையை என் பக்கம் தள்ளினாள். எடுத்துக்கொண்டேன். "பையைத் திருப்பித் தரணும்ல" என்றேன்.

"வெறும் பையாத் தராதீக. கஸ்தூரி ஒரு நாளும் தந்ததில்ல. தூக்குவாளியில ஐஸ வச்சு, சுத்தி உமியப் பொதிஞ்சு கொண்டாருவா. வீடு போறதுக்குள்ள பாதி தண்ணிதான். உங்க அண்ணன் அதைக் குடிச்சிட்டுத்தான் அன்னைக்குச் சோறு திம்பாக."

பஸ்ஸில் வரும்போது பையிலிருந்து அந்த வாசம். பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை, கூட்டமிருந்தும். நானும் நகர்ந்து உட்காரச் சொல்லவில்லை.

மே 10, சனி

இந்த வாரமும் போய் வாங்கி வந்தேன். போன வாரப் பழத்தில் போட்ட ஐஸை உமி வைத்துத் தூக்குவாளியில் கொடுத்தேன். மதினி மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடினாள்.

வேல்விழிக்கான டப்பாவை இன்றைக்குப் போட்டேன். ஒவ்வொரு பழமாகப் பிதுக்கி விதை எடுத்தேன். பிறகு வேட்டித் துணியில் இரண்டு தரம் வடிகட்டினேன். துணியில் ஒரு விதைகூடத் தங்கவில்லை. எலுமிச்சை அரை மூடி, ஒரு சிட்டிகை உப்பு. அரைமணிக்கு ஒரு தரம் முள்கரண்டி.

நாலாவது தரம் கீறிக்கொண்டிருந்தபோது உள்ளறைக் கட்டில் முனகியது. யாரோ எரிச்சலோடு புரண்டு படுக்கிற சத்தம்.

எனக்குத் தெரிந்த சத்தம்தான். என்னுடையது.

கையை நிறுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, கேட்காதபடி கீறினேன்.

மே 14, புதன்

மழை. கரண்ட் மூன்று மணி நேரம் இல்லை. ஃப்ரீசரைக் கம்பளியால் சுற்றி, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

மே 17, சனி

காலை எட்டு மணிக்கு வேல்விழி வந்தாள். முகம் கஸ்தூரி மாதிரி ஆகிவிட்டது, கண்ணுக்குக் கீழே கருப்பு. கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன், நாலஞ்சு டப்பா என்றது பொய், இருந்த ஒன்றையும் கெடுத்துவிட்டேன் என்று. 9 மட்டும் மிஞ்சிய அந்த டப்பாவைக் கையில் கொடுத்தேன். நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். குளிர் தாங்காமல் எடுத்தாள். "இருக்கட்டும், உள்ள வைங்கப்பா" என்றாள்.

பதினொரு மணிக்குத் தெருவில் டிவிஎஸ் சத்தம். மதினி துணிப்பையோடு நடந்து வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

"வாங்க மதினி. நிக்காதீக."

வண்டி தெருமுனையில் நின்றிருந்தது. அதே இடம். அண்ணன் அதில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வரவில்லை. நான் கூப்பிடவில்லை.

ஐஸைக் கிண்ணங்களில் போட்டேன். வேல்விழி ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடினாள். நானும் மதினியும் பார்த்துக்கொண்டே இருந்தோம். வாந்தி வரவில்லை. இரண்டாவது வாய். மூன்றாவது.

பிறகு எழுந்து, யாரையும் கேட்காமல், இன்னொரு கிண்ணம் நிறையப் போட்டு எடுத்துக்கொண்டு வயிற்றைப் பிடித்தபடி தெருவில் நடந்து போனாள். ஜன்னல் வழியே தெரிந்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வெகு நேரம் கழித்துத்தான் வந்தாள். கிண்ணம் காலியாக இருந்தது.

ஸ்கேன் பைலை எடுத்து, பீரோவில் அம்மா சேலைகளுக்கு மேல் வைத்து மூடினாள்.

கடைசியாக நான் என் கிண்ணத்தை எடுத்தேன். மூன்றாவது கரண்டியில் பல்லில் கடுக்கென்றது.

விதை.

இரண்டு தரம் வடிகட்டினேன். என் கையால்.

நாக்கில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். வேல்விழி என்னைப் பார்த்தாள். அவள் கைதட்டவில்லை. சமையலறையில் ஃப்ரிட்ஜ் ஒரு உதறு உதறி ஓட ஆரம்பித்தது.

எழுந்து போய்க் கிண்ணங்களைக் கழுவினேன். நாலு கிண்ணம்.