பந்து வராத பக்கம்

ஆகஸ்ட் 29, செவ்வாய்

பஸ்ஸில் மறுபடியும் ஏ.சி. வேலை செய்யவில்லை. சாயங்கால டிரிப் முழுக்க ஜன்னல்களைத் திறந்துவைத்தே ஓட்டினேன். செம்மண் புழுதி இன்னும் பல்லில் கடிபடுகிறது. கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு, நிலக்கடலை ஆலைப் பக்கம் வண்டியைத் திருப்பும்போது போன் அடித்தது. ஓரம் கட்டினேன்.

"அம்மா, வச்சுக்கிட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னான் ஜமாரி. இன்றைக்குத்தான் எல்லா அணிகளும் ஆட்களைக் கழித்துவிடும் நாள். ஏப்ரலில் அத்தனை அணிகளும் கூடிப் பையன்களைத் தேர்ந்தெடுத்தபோது ஒருவரும் இவன் பெயரைச் சொல்லவில்லை. வேண்டுமானால் வந்து பயிற்சியில் ஓடிப் பார் என்று கூப்பிட்டார்கள். போனான். இப்போது என் பிள்ளை தொழில்முறை அமெரிக்கக் கால்பந்துக்காரன்!

முதலில் என் சிநேகிதி லூவென்யாவிடம்தான் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வேன்? அவளும் பஸ் ஓட்டுகிறவள், பஸ் ரேடியோவிலேயே கத்திவிட்டாள். மாவட்டத்தில் ஓடுகிற எல்லா ஸ்கூல் பஸ்ஸுக்கும் கேட்டிருக்கும். மேற்பார்வையாளர் திட்டினார். திட்டட்டும்.

ஆகஸ்ட் 31, வியாழன்

டிப்போவில் ஃபேன்டஸி லீக்கில் இந்த வருஷம் நானும் சேர்ந்தேன். பிள்ளை ஆடும்போது எப்படிச் சேராமல் இருப்பது? நிஜ ஆட்டக்காரர்களை ஆளுக்கொருவராக, முறை வைத்துப் பொறுக்கி நம் பெயரில் ஒரு அணி கட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பந்தைப் பிடித்தாலோ பந்தோடு ஓடினாலோ நமக்குப் புள்ளி. சும்மா நின்றால் முட்டை.

லீக்கை நடத்துவது வெண்டல். கடலை விவசாயத்தை விட்டுவிட்டு பஸ் ஓட்ட வந்த மனுஷன். நான் உள்ளே நுழைந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"மிஸ் வெர்னிதா, தாய்ப்பாசத்தை பஸ்லயே விட்டுட்டு வாங்க. உங்க பையன் கெட்டிக்காரன், நான் இல்லேங்கல. ஆனா அந்த அணி பந்தை எறியறதே இல்ல. எடுத்தா ரெட்மண்ட் கையில குடுத்து ஓடுடாம்பாங்க. திரும்ப எடுத்தா திரும்ப ரெட்மண்ட். கோட்டோரம் நிக்கற உங்க பையனுக்குப் பந்து எங்கேருந்து வரும்?"

சீட்டுக் குலுக்கலில் முதல் முறை எனக்கு வந்தது. அந்த ரெட்மண்டையே எடுத்தேன். பிள்ளையோடு ஆடுகிறவன் ஆயிற்றே. ஜமாரியை ஒருவரும் எடுக்கப் போவதில்லை, கடைசியில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். என் முறை வர ஒரு ஆள் இருக்கும்போது லூவென்யா முந்திக்கொண்டு அவனை எடுத்துவிட்டாள்!

"அவனுக்கு ஞானஸ்நானம் குடுத்தப்ப துண்டு புடிச்சது யாரு? எனக்கும் பங்கு இருக்குடி!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனாலும் உள்ளே கொஞ்சம் முள் குத்தியது. அவளுக்கு அவன் மேல் அத்தனை ஆசை என்று தேற்றிக்கொண்டேன்.

செப்டம்பர் 2, சனி

ஜமாரி போன் பண்ணினான். குரலே சரியில்லை. நச்சரித்த பிறகு சொன்னான். பயிற்சியில் இடது கை விரலில் அடி. விரிசல் விட்டிருக்கும் என்று நினைக்கிறான். கையுறைக்குள் பட்டையாகத் துணி ஒட்டிக்கொண்டு ஆடுகிறான். அணி டாக்டரிடம் சொல்லவில்லை.

"சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கம்மா. என்னை மாதிரி வெளியில பத்துப் பேர் நிக்கறாங்க."

இன்னொன்றும் சொன்னான். கோச் கூப்பிட்டு, உன்னை எல்லா ஆட்டத்திலும் இறக்குவேன், ஆனால் பந்து உன்னிடம் வராது, ரெட்மண்ட் ஓடும்போது குறுக்கே வருகிறவனை இடித்துத் தள்ளுவதுதான் உன் வேலை என்றாராம். பந்து பிடிக்கிறதற்கென்றே பிறந்த பிள்ளை. ஆறு வயதில் பறந்து வந்த ஆரஞ்சுப் பழத்தை ஒற்றைக் கையில் பிடித்தவன்.

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா."

"சொல்வேனாடா?"

செப்டம்பர் 3, ஞாயிறு

சபையில் போதகர் என்ன பேசினார் என்றே தெரியாது. விரிசல் விட்ட விரலோடு, இவனைவிட நூறு பவுண்டு கனமான ஆளை முட்டப் போகிறான். எலும்பு தெறித்தால்?

ஆராதனை முடிந்து லூவென்யாவின் காரில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். விரல், டாக்டர், கோச் எல்லாம். ஜெபம் பண்ணு என்றுதான் கேட்டேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டு ஜெபித்தாள். இறங்கும்போது மூச்சு லேசானது.

இவளிடம் சொல்வது வெளியில் சொல்வது ஆகாது. ஆகுமா?

செப்டம்பர் 5, செவ்வாய்

காலையில் டிப்போவில் லூவென்யா வந்து தோளில் கை போட்டாள்.

"ராத்திரி முழுக்க யோசிச்சேன்டி. தாய்கிட்ட இருக்க வேண்டிய பிள்ளை. நான் வச்சுக்கிறது நியாயமா? ஜமாரியை நீயே எடுத்துக்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பதிலுக்கு யாரைக் கொடுக்க என்றேன்.

"யாரோ ஒருத்தன், சும்மா பேருக்கு. அந்த ரெட்மண்டைக் குடேன். அவனும் ஜமாரி கூட ஆடறவன்தானே, உறவு விட்டுப் போகாது."

வெண்டல் தலையில் அடித்துக்கொண்டார். "மிஸ் வெர்னிதா, இது பட்டப்பகல் கொள்ளை. நல்லா யோசிங்க."

என் பிள்ளை, என் இஷ்டம் என்றேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

ஆட்டம் முழுக்க மைதானத்தில் இருந்தான். ஒரு தடவைகூடப் பந்து வரவில்லை. ஒவ்வொரு முட்டலுக்கும் டிவி முன்னால் நான் கண்ணை மூடிக்கொண்டேன். ரெட்மண்ட் இரண்டு தடவை பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டினான். எனக்கு முட்டை. போகட்டும். விரல் தாங்கிவிட்டது.

செப்டம்பர் 14, வியாழன்

எழுதக் கை வரவில்லை.

மதியம் வெண்டல் என்னை ஓரமாகக் கூப்பிட்டுத் தன் போனை நீட்டினார். "நீங்க கேக்கறது நல்லதுன்னு தோணிச்சு" என்று மட்டும் சொன்னார். லூவென்யாவின் அக்கா மகன் டேரில், மேக்கன் ஊரில் இருந்துகொண்டு யாரை எடுக்கலாம், யாரைக் கழிக்கலாம் என்று இணையத்தில் பேசுகிறவன். அவன் குரல்.

"அந்த முதல் வருஷப் பையன் ஜமாரியை யாராவது வச்சிருக்கீங்களா? தூக்கிப் போடுங்க. இடது கை விரல்ல விரிசல். அணி டாக்டருக்கே தெரியாது! குடும்பத்துக்கு வேண்டப்பட்டவங்க சொன்னது. விரல் நல்லா இருந்தாலும் பிரயோஜனமில்ல, அவனை வச்சிருக்கறதே ஆளை இடிக்கத்தான். அவனுக்கு முட்டைதான். ரெட்மண்டைப் பிடிங்க."

ஐயோ. வார்த்தைக்கு வார்த்தை நான் காரில் உட்கார்ந்து சொன்னது.

செப்டம்பர் 15, வெள்ளி

போன் வந்தது. எடுக்கவே பயமாக இருந்தது.

"யார்கிட்டம்மா சொன்னே?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"லூவென்யா ஆன்ட்டிகிட்டயா?"

"ஜெபத்துக்காகத்தான்டா—"

"உன்கிட்ட மட்டும்தாம்மா சொன்னேன்."

கத்தினால்கூடத் தாங்கியிருப்பேன். அவன் கத்தவில்லை. காலையில் உடை மாற்றும் அறைக்குள் போவதற்கு முன்பே அவனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். படம் எடுத்திருக்கிறார்கள். கோச் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை என்றான். என்ன செய்வார்கள் என்று தெரியாது என்றான். போனை வைத்துவிட்டான்.

ஏன்டி லூவென்யா? ஏன்டி? என் பிள்ளை உனக்கு என்ன பண்ணினான்? உன் வீட்டுச் சோறு தின்னு வளர்ந்தவன்தானே அவன்?

செப்டம்பர் 18, திங்கள்

விடியற்காலை. அவள் தன் பஸ்ஸின் சக்கரங்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேராகப் போய் நின்றேன்.

"யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் இல்லடி. அக்கா வீட்ல சாப்பிட உக்காந்தப்ப, ஜெபத்துல அவன் பேரைச் சொன்னேன். விரலுக்காகச் சொன்னேன். ஆண்டவர்கிட்டதான் சொன்னேன்."

"ஆண்டவர் பக்கத்துல டேரில் உக்காந்திருந்தானா?"

"அவன் இப்படிப் பேசுவான்னு நான் கண்டேனா?"

"அவன் தினமும் பேசறதே அதைத்தானே! சரி, அதை விடு. ஞாயித்துக்கிழமை என்கிட்ட கேட்டுக்கிட்டே. செவ்வாய்க்கிழமை ஜமாரியை என் தலையில கட்டிட்டு ரெட்மண்டை வாங்கிக்கிட்டே. அது எந்த ஜெபம்?"

அவள் பஸ்ஸின் பக்கக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

"அது ஆட்டம்டி வெர்னி. ஆட்டத்தைப் போய் இதோட சேர்க்கிறியே."

ஆட்டமாம். அவன் அம்மா நான் என்று கண்ணீர் விட்டு வாங்கிக்கொண்டேனே, அதுவும் ஆட்டமா? தோளில் கை போட்டாளே, அது?

நான் திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து சொன்னாள். "நான் சொன்னது தப்புன்னா, முதல்ல சொன்னது யாரு? அவன் உன்னை நம்பித்தானே சொன்னான்?"

நாள் முழுக்க அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் பஸ் ஓட்டினேன். ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். பிள்ளைகள் கத்திய பிறகுதான் தெரிந்தது.

செப்டம்பர் 20, புதன்

வெளியில் அனுப்பவில்லை. விரல் ஆறும்வரை நான்கு ஆட்டம் உட்கார வேண்டும். இதையும் டிவி பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

செப்டம்பர் 24, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. ஜமாரிக்கு மூன்று தடவை போன் செய்தேன். "பயிற்சியில இருக்கேன்மா, அப்புறம் பேசறேன்" என்று எழுத்தில் பதில் வந்தது. ஆட்டத்தில் இல்லாதவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்ன பயிற்சி?

அக்டோபர் 22, ஞாயிறு

மறுபடி இறங்கினான். ஒரு முறை கோட்டோரத்தில் வந்த மலைபோன்ற ஒருவனை அப்படியே தூக்கி உட்கார வைத்தான். அந்த வழியில் ரெட்மண்ட் அறுபது கஜம் ஓடினான். டிவியில் பேசுகிறவர், முதல் வருஷப் பையன்களில் இவனைப்போல் மறிக்கிறவன் இல்லை என்று சொல்லி, அதை மூன்று தடவை காட்டினார். எழுந்து நின்று கைதட்டினேன், வீட்டில் தனியாக.

புள்ளிப் பட்டியலில் அவனுக்கு முட்டை. ஓடினவனுக்குப் புள்ளி உண்டு, வழி செய்தவனுக்குக் கிடையாது. அந்தப் புள்ளியெல்லாம் லூவென்யாவுக்குப் போகிறது. என் பிள்ளை இடிக்கிறான், அவள் ஜெயிக்கிறாள்.

நவம்பர் 6, திங்கள்

வெண்டல் கெஞ்சாத குறை. "ஒரே ஒரு வாரம் உங்க லீக் அணியில அவனை வெளியில உக்கார வச்சுட்டு வேற ஆளைப் போடுங்களேன். கடைசி இடத்துல இருக்கீங்க. பாக்கறவனுக்கே பாவமா இருக்கு."

போடமாட்டேன். இந்த ஒன்றிலாவது அவன் பக்கம் நிற்கிறேன். அவனுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் என்ன நினைப்பான்?

நவம்பர் 23, வியாழன்

நன்றித் திருநாள். பிள்ளைக்கு ஆட்டம், வர முடியாது. எப்போதும் இன்றைக்கு லூவென்யாவும் நானும் சேர்ந்துதான் சமைப்போம். மத்தியானம் கதவைத் திறந்தால் வாசலில் அவள் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பலகாரம், தட்டில், துணி போட்டு மூடி. ஆள் இல்லை. இன்னும் சூடு இருந்தது.

தட்டோடு குப்பையில் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டை மட்டும் எடுத்துக் கழுவினேன். அது அவளுடைய அம்மாவின் தட்டு.

நவம்பர் 27, திங்கள்

தட்டை அவள் பஸ்ஸில் ஓட்டுநர் சீட்டின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 4, வியாழன்

லீவு முடிந்து இன்றுதான் டிப்போ திறந்தது. கடைசி வார ஆட்டத்தை லீக்கில் சேர்ப்பதில்லை, கணக்கு முடிந்துவிட்டது: லூவென்யா முதலிடம், நான் கடைசி. வெண்டல் கோப்பையை நீட்டினார். பிளாஸ்டிக் கோப்பை, மேலே தங்க நிறம் பூசியது. அவள் வாங்கிய கையோடு நேராக என்னிடம் வந்தாள்.

"இது ஜமாரிக்குச் சேர வேண்டியதுடி. நீ வாங்கிக்க."

அவள் கண்கள் கலங்கியிருந்தன. நிஜக் கண்ணீர்தான், எனக்கு அவளைத் தெரியும். காரில் ஜெபித்தபோது விட்டதும் நிஜக் கண்ணீராகத்தான் இருந்திருக்கும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அவனுக்கு வேண்டாம். டேரிலுக்குக் குடு. உழைச்சது அவன்தானே."

ஒருவரும் சிரிக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டேன். சொன்னதும் மனசு ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

ஜனவரி 7, ஞாயிறு

கடைசி ஆட்டம். ஜெயித்தார்கள். ஜமாரிக்கு ஒரே ஒரு பந்து வந்தது, பிடித்தான். எழும்போது வலது காலை ஊன்ற முடியாமல் நொண்டினான். இரண்டு பேர் தாங்கிக் கூட்டிப்போனார்கள். நான் டிவிக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆட்டம் முடிந்ததும் மைக் பிடித்த பெண் ஒருத்தி அவனை நிறுத்தினாள். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவன் சிரித்தான். "ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன். அணி ஜெயிச்சுது, அதுதான் முக்கியம். அடுத்த வருஷத்துக்குத் தயாராகணும்." நன்றி மேடம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தான்.

சாயங்காலம் அவனே போன் செய்தான். நெடுநாளைக்குப் பிறகு அவனாகச் செய்தது. பந்தைப் பிடித்ததைப் பார்த்தேன் என்றேன், சந்தோஷமாகப் பேசினான். பிறகு, கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"காலு எப்படிடா இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்கேன். அணி ஜெயிச்சுது, அதுதான் முக்கியம். அடுத்த வருஷத்துக்குத் தயாராகணும்."

சரிப்பா என்றேன்.

"நன்றிம்மா" என்றான்.