எங்கள் வீட்டார் மட்டும் குளிக்காத குளம்

ஏப்ரல் 9, புதன்

பல்கலைக்கழகம் சுற்றறிக்கையே போட்டுவிட்டது: இனி உள்ளூர் மக்களுக்குப் பயன்படும் ஆய்வுக்குத்தான் முதலிடம். ஆக, மூன்று வருஷம் நான் மாரடித்த புரத ஆராய்ச்சி மூட்டை கட்டியாச்சு. இனி எனக்கு மாவட்டத்துக் குளங்கள். "அஸ்வதி, உங்க ஊர்க் குளத்திலிருந்தே தொடங்கு" என்றார் வழிகாட்டி மேடம்.

தண்ணீர் எடுக்கப் பாட்டிலும் கையுமாகப் படித்துறையில் இறங்கினேன். பக்கத்து வீட்டுச் சத்தியபாய் அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி, இவ்வளவு படிச்சது குளத்து வெள்ளத்த அள்ளவா?" படித்துறை முழுக்கச் சிரிப்பு. அக்கா மகள் அஜிஷாவுக்கு அதைக் கேட்க நேரமில்லை. மேல்படியிலிருந்து தலைகீழாகக் குதித்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 16

துறை ஆய்வகத்தில் வைத்த எங்கள் குளத்துத் தண்ணீரில் அமீபா வளர்ந்திருக்கிறது. நல்ல சூட்டிலும் வளர்கிறது. கேரளத்துச் செய்திகளில் வருகிற, மூளையைத் தின்னும் அமீபாவாக இருக்கலாம். அதன் சாதுவான சொந்தக்காரனாகவும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். வெளியூர் ஆய்வகத்தில் மரபணுச் சோதனை செய்தால்தான் தெரியும். குடித்தால் ஒன்றுமில்லை. மூக்கு வழியே ஏறினால் — பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

உடனே மேடத்தைப் போனில் கூப்பிட்டேன். "முடிவு வர்ற வரைக்கும் வாயைத் திறக்காதே. தப்பாப் போச்சுன்னா இனி எந்த ஊர்லயும் நம்மளக் குளத்துப் பக்கம் விடமாட்டாங்க." நியாயம்தான். நியாயம்தானா?

ஏப்ரல் 17

வீட்டில் மட்டும் சொல்லிவிட்டேன். அப்பா பிறந்ததிலிருந்து அந்தக் குளத்தில் முங்கி, அய்யா சாமியைக் கும்பிட்டு நெற்றியில் நாமம் இடுகிறவர். "முங்காம எப்பிடிட்டி நாமம் இடுகது?" என்றார். குழாயடியில் குளித்துவிட்டு இடும்படி சண்டை போட்டேன். வெளியே மூச்சு விடக்கூடாது என்றும் சொன்னேன்.

அம்மா என்னையே பார்த்தாள். "அப்போ மத்தவங்க?"

நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

ஏப்ரல் 19

பஸ்ஸுக்குக் குளத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். குனிந்த தலை நிமிராமல் நடந்தேன். "அஸ்வதியக்கா, இஞ்ச பாரு!" என்று கத்திவிட்டு அஜிஷா குதித்தாள். அவள் தலை மேலே வருகிறவரை அங்கேயே நின்றேன். வந்தது. பஸ் ஏறிவிட்டேன்.

சவம், நானெல்லாம் என்ன பிறவி.

ஏப்ரல் 21

அஜிஷாவுக்குக் காய்ச்சல்.

ஏப்ரல் 22

தலைவலியாம். வாந்தியாம். விடியுமுன்னே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்களாம். அய்யா, அந்தப் பிள்ளையை விட்டுரும். என்ன வேணும்னாலும் எனக்கு வரட்டும். அய்யா, அய்யா.

ஆட்டோ பிடித்து ஓடினேன். டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்: குளத்தில் அமீபா இருக்கிறது, எந்த வகை என்று இன்னும் தெரியாது, இவள் நாள் முழுக்கக் குதிப்பாள், உடனே பாருங்கள். சொல்லிவிட்டுத் திரும்பினால் சத்தியபாய் அக்கா பின்னால் நிற்கிறாள்.

அவள் கத்துவாள், அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம்.

"அதான் ஒங்க வீட்டு ஆளுக ஒருத்தரையும் குளத்துல காணல. ஒங்கப்பனுக்குக் கால்வலி கூடிப்போச்சுன்னுல்லா நெனச்சேன். எண்ணெ காச்சிக் குடுக்கணும்னு இருந்தேன்" என்றாள். பிறகு, "ஒனக்கு மொதல்லயே தெரியும், என்ன?"

"தெரியும்க்கா."

அங்கிருந்து நேரே குளத்துக்குப் போனேன். தண்ணீரில் இருந்தவர்களை எல்லாம் தொண்டை கிழியக் கத்திக் கரையேற்றினேன். அப்புறம்தான் மேடத்துக்குப் போன் செய்தேன். ஊருக்கே சொல்லிவிட்டேன் என்றேன். என் ஆய்வு போனால் போகட்டும். அந்தப் பிள்ளை கண் திறக்கட்டும்.

ஏப்ரல் 24

முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அமீபா இல்லை. டெங்கு. டெங்கு என்று கேட்டு ஆனந்தக் கண்ணீர் விட்டவள் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனாலும் அக்கா என்னைப் பிள்ளையின் அருகே விடவில்லை.

மே 5, திங்கள்

ஆய்வக முடிவு வந்தது. சாதுவான வகைதான். மேடம் தானே ஊருக்கு வந்து கூட்டம் போட்டுச் சொன்னார். இனிமேல் சந்தேகம் வந்த அன்றைக்கே அந்தந்த ஊருக்குச் சொல்லிவிடுவது என்று துறையில் முடிவு செய்திருக்கிறார்கள். "இத நாம மொதல்லயே செஞ்சிருக்கணும்" என்று என்னிடம் தனியே சொன்னார். அஜிஷா வீட்டுக்கு வந்துவிட்டாள், மெலிந்துபோயிருக்கிறாள்.

மே 6

காலையில் ஊரே மேல்படியில் நின்றது, துண்டும் வாளியுமாக. "இனிப் பயமில்ல, இறங்கலாம்" என்றேன். ஒருத்தரும் அசையவில்லை.

சத்தியபாய் அக்காதான் பேசினாள். "நீ மொதல்ல முங்கு மக்கா. பெறவு நாங்க இறங்குகோம்."

ஆய்வக முடிவை நானே மூன்று தடவை படித்திருக்கிறேன். ஆனாலும் 'மூக்கு வழியே ஏறினால்' என்பதுதான் நினைவுக்கு வந்தது. இறங்கினேன். முங்கினேன். எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், அக்கா அஜிஷாவின் கையை இறுக்கிப் பிடித்தபடி அப்படியே நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் எல்லோரும்.

இன்னொரு தடவை முங்கினேன்.