ஒரே வரியில் இரண்டு பெயர்

செங்கல்பட்டு
9.4.2024

அன்புள்ள சாலமோனுக்கு,

போனில் பேசினால் நீ ஜெபத்தில் முடிக்கிறாய், நான் கோபத்தில் முடிக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

சிநேகா காலேஜுக்குப் போகிறாள், வருகிறாள். பேச்சுதான் இல்லை. குழாயை முழுதாகத் திறப்பதில்லை. தண்ணீர் விழும் சத்தம் ஆகவில்லையாம்.

உன் சபை வாசலில் கட்டியிருக்கும் பேனரின் படத்தை யாரோ எனக்கு அனுப்பினார்கள். ‘கடலிலிருந்து தூக்கியெடுத்த கிருபை’ என்று எழுதி, கீழே என் மகள் முகம். ஈஸ்டருக்கு மறுநாள் மாமல்லபுரத்தில் அலை இழுத்தது உன் வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகள் இருவரை. சிநேகா வந்தாள், ஞானம்மாளின் மகன் தர்மராஜ் வரவில்லை. பேனரில் அவன் எங்கே? அவனைப் பெற்றவளும் அந்த வாசல் வழியாகத்தானே உள்ளே வர வேண்டும்?

இருபதாம் தேதி உன் ஸ்தோத்திரக் கூட்டத்தில் சிநேகா தான் பிழைத்த கதையைச் சாட்சியாகச் சொல்ல மாட்டாள். பேனரைக் கழற்று.

அக்கா,
ஜெயப்பிரியா

*

புதுப்பட்டினம்
12.4.2024

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். மச்சானின் முட்டி வலி எப்படி இருக்கிறது? எண்ணெய் கொடுத்தனுப்பினேனே, தேய்க்கிறாரா?

நீ ஆலயத்துக்கு வந்து வருஷங்கள் ஆகின்றன. பேனர் மட்டும் கண்ணில் படுகிறது!

சிநேகா ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் உபவாசம் இருந்த பிள்ளை. வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குச் செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்து வந்த பிள்ளை. தர்மராஜும் நல்லவன்தான். ஆனால் ஜெபம் நடக்கும்போது வெளியே பைக்கில் சாய்ந்துகொண்டு நிற்பான். நான் தீர்ப்பு சொல்லவில்லை. காப்பாற்றியவருக்கு நன்றி சொல்ல வேண்டாமா?

பிள்ளைகளைக் கடலுக்கு அழைத்துப் போனவன் நான். நடந்ததற்கு ஏதாவது ஒரு அர்த்தம் இருந்தால்தான் என்னால் பிரசங்க மேடை ஏற முடியும், அக்கா. சிநேகாவை அனுப்பு.

உன் தம்பி,
சாலமோன்

*

செங்கல்பட்டு
16.4.2024

சாலமோன்,

நேற்று மாமல்லபுரம் போனேன். சிநேகாவைக் கரைக்கு இழுத்து வந்த லோகுவைக் குப்பத்தில் பார்த்தேன். வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நன்றி சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“இன்னாம்மா தேங்க்ஸு? ரெண்டு பேரும் தத்தளிச்சிகினு இருந்தாங்க. உன் பொண்ணு கைக்கு எட்டுச்சு, இஸ்துகினு வந்தேன். திரும்பிப் போறதுக்குள்ள அந்தப் பையனக் காணோம். எனக்குச் சோறு எறங்கல. நீ வேற!”

யார் உபவாசம், யார் பைக்கில் சாய்ந்து நின்றது என்று அவர் விசாரிக்கவில்லை. கைக்கு எட்டியதை இழுத்தார். எட்டாததற்கு அழுகிறார்.

எனக்கு நம்பிக்கை இல்லை. அது உனக்கும் தெரியும். ஆனாலும் உன் பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். தகுதி பார்க்காமல் கொடுக்கப்படுவதுதான் கிருபை என்று தொண்டை கிழியச் சொன்னவன் நீ. உபவாசத்துக்காகக் கிடைத்தது என்றால் அதற்குப் பெயர் சம்பளம். அந்தச் சம்பளத்தை என் மகள் தலையில் கட்டாதே. அவள் ஏற்கெனவே “அவனுக்குப் பதிலா நான் வந்துட்டேனாம்மா?” என்று கேட்கிறாள்.

உனக்கு அர்த்தம் வேண்டுமென்றால் வேறு இடத்தில் தேடு. ஞானம்மாள் வீட்டுப் பிணத்தின் மேல் ஏறி நின்று தேடாதே.

சனிக்கிழமை மாலை நீ கூட்டம் நடத்து. நானும் சிநேகாவும் ஞானம்மாள் வீட்டில் இருப்போம். முடிந்தால் வந்து கூப்பிட்டுப் பார்.

ஜெயப்பிரியா

*

புதுப்பட்டினம்
22.4.2024

அக்கா,

கூட்டத்துக்கு நிறையப் பேர் வந்திருந்தார்கள். சாட்சி சொல்ல ஆள் இல்லை. நானே சொல்லிவிடலாம் என்று மைக் முன்னால் நின்றேன். ‘தர்மராஜ்’ என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. ஒரு பாட்டுப் பாடி அனுப்பிவிட்டேன்.

பிறகு ஞானம்மாள் வீட்டுக்குப் போனேன். நீங்கள் அப்போதுதான் கிளம்பிப் போனீர்களாம். படியேறத் துணிவில்லை.

“இன்னா பாஸ்டரே, வாசல்லயே நிக்கிற? உள்ள வா” என்றார் ஞானம்மாள். ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டேன். “வேணாம். எம் புள்ள ஜெபத்துக்கு ஒழுங்கா வந்தவன் இல்லதான். அதுக்கு இன்னா இப்போ?” என்றார். அவனைப் பற்றி நான் அங்கங்கே பேசியதெல்லாம் அவர் காதுக்குப் போயிருக்கிறது.

மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் தட்டு வைத்துவிட்டார். ரசம் சிநேகா வைத்ததாம். “துன்னு” என்றார். தின்றேன். மறுபடி ஊற்றினார். நான் இன்னும் கேட்கவே இல்லை, அக்கா.

பேனரைக் கழற்றிவிட்டேன்.

சாலமோன்

*

செங்கல்பட்டு
25.4.2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் மச்சான் எண்ணெய் தேய்க்கிறார், திட்டிக்கொண்டே. ரசத்தில் உப்பு அதிகம் என்று சிநேகாவுக்கே தெரியும். ஞானம்மாள் வீட்டில் அவள் வாய் திறந்து பேசினாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

பேனர் இறங்கியது போதாது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். விசுவாசம் வந்துவிட்டதால் வரவில்லை, அதை வைத்துப் பிரசங்கம் செய்யாதே.

அறிவிப்பில் முதலில் ஸ்தோத்திரம் செலுத்துகிறவர்கள், கடைசியில் துக்க வீட்டார் என்று வாசிப்பது உங்கள் வழக்கம். இந்த வாரம் அது வேண்டாம். சிநேகா, தர்மராஜ் இரண்டு பெயரையும் ஒரே வரியில், ஒரே மூச்சில் வாசி. நடுவில் ‘ஆனால்’ வரக் கூடாது.

முன் பெஞ்சில் எனக்கும் சிநேகாவுக்கும் நடுவே ஞானம்மாள் இருப்பார். நீ வாசித்தால் உட்கார்ந்திருப்பேன். வாசிக்காவிட்டால் எழுந்து நானே வாசிப்பேன். வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்குகிறவனையும் எழுப்புகிற வாத்தியார் குரல் என்னுடையது, மைக் தேவைப்படாது.

அக்கா,
ஜெயப்பிரியா