மூன்று கூடை நெத்திலி

நெல்லித்தோப்பு,
ஞாயிறு மாலை

பேரன்புடைய முதலாளி அம்மாவுக்கு, உன் மகனும் புதுச்சேரிக் கிளையின் தற்காலிக அதிபருமான செம்மல் வணக்கத்துடன் எழுதுவது.

பொதுமக்கள் கவனத்துக்கு: நம் தொக்குக் கூடத்து வாசலில் படுத்துக் கிடந்த சாம்பல் பூனை, நேற்று முதல் தலைமைக் காவலராக நியமிக்கப்பட்டுள்ளது. சம்பளம் இறால் தலை. முதல் நாளே தூங்கிவிட்டது.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாய் என்று கேட்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மசாலா வறுக்கிறாய். நான் ஒன்று சொன்னால் பெங்களூரில் நாலு பேர் சிரிக்கிறார்கள். அதனால்தான் உனக்கு அனுப்பும் லேபிள் பெட்டியில் இதைச் செருகுகிறேன்.

பெங்களூர்க் கடையை இன்னும் ஒரு வருடம் நடத்தவா, மூடிவிட்டு வரவா என்று கேட்டிருந்தாய். புதன்கிழமைக்குள் கட்டட ஓனருக்குப் பதில் சொல்லணுமாமே. தாராளமாக நடத்து. இங்கே தொக்குத் தொழிலில் எதுவும் தொக்கி நிற்கவில்லை. கலைமகள் அக்கா கூடத்தைப் பார்த்துக்கொள்கிறார். நான் கலைமகள் அக்காவைப் பார்த்துக்கொள்கிறேன்.

போன ஞாயிறு தேங்காய்த்திட்டு மீன் துறைமுகத்தில் நானே ஏலம் எடுத்தேன், தெரியுமா? எல்லோரும் இறாலுக்கு அடித்துக்கொண்டிருக்க, நான் ஒரே கைத்தூக்கலில் மூன்று கூடை நெத்திலியை முடித்தேன். நெத்தியில் எழுதியிருந்தது நெத்திலி. இத்தனை வருடம் இறால் தொக்கு மட்டுமே போட்ட கம்பெனியில் இன்று நெத்திலித் தொக்கு! சாரம் ஏரியாக் கடைக்காரர் இன்னும் வேண்டும் என்கிறார். இரண்டு பாட்டில் இதே பெட்டியில் வருகிறது, ருசி பார்.

அப்பாவுக்கு இன்னும் நைட் டியூட்டிதான். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர் கிளம்புகிறார். வாசலில் சாவி கைமாறும், அதுதான் எங்கள் மாநாடு. அப்புறம் நான் டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து திட்டிவிட்டுப் போவார். இப்போது அவரும் பழகிவிட்டார், வருவதில்லை.

பெட்டியை ஒட்ட அக்கா கூப்பிடுகிறார். அதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

நெத்திலி என் திட்டம் இல்லை அம்மா. கூடை தூக்கத்தான் அக்கா என்னைக் கூட்டிப் போனார். ஏலக் கூட்டத்தின் முன்னால் ஒருவர் முதுகைக் காட்டி நின்றார். உன் மாம்பழக் கலர் புடவை, உன்னைப் போலவே முந்தானையை இழுத்துச் செருகி. சொல்லாமல் வந்துவிட்டாய் என்று நினைத்துக் கையைத் தூக்கி ஆட்டினேன். சுமலதா மகன் கேட்கிறான் என்று ஏலக்காரர் உன் பேரில் முடித்துவிட்டார். அந்த அம்மா திரும்பினார். வேறு யாரோ.

அக்கா திட்டவில்லை. "எடுத்தது எடுத்தாச்சு. மூஞ்சத் தொங்கப் போடாத, வந்து மீன் தலயக் கிள்ளு" என்று மட்டும் சொன்னார். தொக்கு போடும் யோசனை அவருடையது. கையைத் தூக்கியது ஈ ஓட்டத்தான் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கேட்டால் நீயும் அப்படியே சொல்.

கடையை மூடாதே. பலகையில் உன் பேர் இருக்கிற போட்டோவை வகுப்பு முழுக்கக் காட்டிவிட்டேன். ஆனால் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிஜமாகவே வந்து ஏலத்தில் முன்னால் நில். நான் கையைத் தூக்க மாட்டேன், சத்தியமாக. சும்மா பின்னால் வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
தலை கிள்ளும் பிரிவிலிருந்து,
செம்மல்