கண்ணாடி வைத்த சிப்

12.5.1985, ஞாயிறு

மூன்று வருஷத்துக்கு முன், "சால்டரிங் அயர்ன் உனக்கெதுக்கு? வீட்ல போயி தோசை சுடு"னு வாடிக்கையாளர்கள் முன்னால் என்னை வேலையிலிருந்து அனுப்பிய ரேடியோக் கடை தேவராஜன், இன்று என் ரிப்பேர் கடைக்கு வந்தார். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருக்கும் வெள்ளைக்காரி ஒருத்தியின் கம்ப்யூட்டர் ஓடவில்லையாம். அதிலிருந்து கழற்றிய ஒரு சிப்பை நீட்டினார்.

"டவுன்ல யாருக்கும் இது என்னன்னு தெரியல. நீதாம்மா பாத்துச் சொல்லணும்."

பார்த்ததும் தெரிந்தது. மெட்ராஸில் பயிற்சியின்போது கையாண்டிருக்கிறேன். கம்ப்யூட்டர் செய்ய வேண்டிய வேலையெல்லாம் அதற்குள்தான் பதிந்திருக்கும். நடுவிலிருக்கும் சின்னக் கண்ணாடிமேல் ஒட்டியிருந்த காகிதத்தை, நம்பர் தெரியுமென்று இவரே உரித்திருக்கிறார். கண்ணாடி வழியாக நாள்கணக்கில் வெயில் இறங்கினால் அத்தனையும் அழிந்துபோகும்.

"ஈரம் ஏறியிருக்குங்க. பத்து நாள் மொட்டை மாடில வெயில்ல வைங்க" என்றேன்.

"நல்லா இரும்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் வரை சந்தோஷமாக இருந்தது. அந்த வெள்ளைக்காரி எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. காலையில் போய் தேவராஜனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், காகிதத்தைத் திரும்ப ஒட்டிவிடுவார். ஆனாலும் நாளைக்கு வெயில் நன்றாக அடிக்கட்டும் என்றுதான் மனம் வேண்டுகிறது.